போர்டில் இருந்த மரம்

“என்னை யாருக்கும் தெரியல மேடம்” என்றார் தணிகாசலம்.

நசீமா மேடம் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

“யாருக்குத் தெரியணும்?”

“ஊருக்குத் தெரியணும். எத்தனை வருஷமா வீடு வரையறேன்! டைல்ஸ் எந்தக் கடையில வாங்கினதுன்னு எல்லாருக்கும் தெரியுது. கொத்தனார் பேர் தெரியுது. வரைஞ்சது யாருன்னு கேட்டா மட்டும், யாரோ இன்ஜினியர்ங்கறாங்க.”

மேடம் சிரித்தார்.

வயதில் அவர் சின்னவர்தான். ஆனால் தணிகாசலம் தாமதமாகப் படித்துவிட்டு, அவருடைய ஆபீசில்தான் ஆர்க்கிடெக்ட் வேலை பழகினார். பிறகு தனியாக ஆபீஸ் போட்டார். இன்றும் மனம் உறுத்தினால் அவருக்கு வேறு இடம் கிடையாது.

“இப்ப ஒரு வழி வந்திருக்கு” என்றார். “பசுஞ்சோலை அடுக்குமாடி இருக்கில்ல, அதோட பில்டர் ரெண்டாவது பிளாக் கட்டறார். அதுக்கும் நான் படம் போட்டுக் குடுத்தா, போர்டுல என் பேரும் போட்டோவும் பெரிசா போடறேங்கறார். பழைய போர்டு கேட்டுக்கு உள்ள தள்ளி நிக்குது. யார் கண்ணுலயும் படாது. அதைக் கழட்டி பைபாஸ் ஓரமா வைங்கன்னு நானே கேட்டு வாங்கியிருக்கேன். நாளைக்குச் சாயங்காலம் மாத்தறாங்க.”

“அப்புறம் என்ன?”

“ஆர்க்கிடெக்ட் விளம்பரம் பண்ணலாமா கூடாதான்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. பேர் போட்டுக்கிறது தப்பா மேடம்?”

மேடம் பென்சிலைக் கீழே வைத்தார்.

“பழைய போர்டுல என்ன இருக்கு?”

தணிகாசலம் போனை நீட்டினார். அவர் போட்ட படம். வெள்ளை வெளேரென்று கட்டடம். முன்னால் விரிந்த பெரிய மரம். மரத்தடியில் கல் பெஞ்சு. பெஞ்சில் ஒரு பெரியவர் பேப்பர் படிக்கிறார்.

“இதைப் பார்த்துத்தான் எல்லா வீடும் வித்துது” என்றார்.

“என்ன மரம் இது?”

“கம்ப்யூட்டர்ல இருந்ததுதான். பேர் தெரியல.”

“நல்ல நிழல்.”

“சாயங்காலம் நாலு மணி வெயில் வெச்சேன் மேடம். அப்பதான் நிழல் நீளமா விழும்.”

“சரி. நாளைக்கு நாலு மணிக்கு இந்த மரத்தடியில நில்லுங்க. அங்க வந்து பதில் சொல்றேன்.”

“மேடம், அங்க…”

“நாலு மணிக்கு.”

மேடம் மறுபடி பென்சிலை எடுத்தார்.

மறுநாள் தணிகாசலம் போய் நின்றார்.

மரம் இருக்க வேண்டிய இடத்தில் சிமெண்ட் தளம் இருந்தது. அதில் இரண்டு இரும்பு மூடிகள். செருப்பைத் தாண்டிச் சூடு ஏறியது.

வளாகம் முழுக்க ஒரே ஒரு நிழல்தான். தகரம் அடித்த பழைய போர்டின் நிழல். அதில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, வேட்டியை மடித்துக் கட்டிய பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பேப்பரால் விசிறிக்கொண்டிருந்தார்.

“என்ன தம்பி தேடறீங்க?”

“இங்க ஒரு மரம்…”

“மரமா? அதோ!” பேப்பரை மேலே நீட்டிப் போர்டைக் காட்டினார். “தண்ணி ஊத்தவே வேணாம். இலைகூட உதிராது.”

தணிகாசலம் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

“நானும் அந்தப் பெஞ்சைப் பார்த்துத்தான் வாங்கினேன். மேல் மாடி. பகல்ல உள்ள இருக்க முடியாது, ஃபேன் சூட்டைத்தான் சுத்தி விடுது. மரம் எங்கேன்னு கேட்டேன். கீழ செப்டிக் டேங்க், வேர் விட்டா உடைஞ்சிடும்னாங்க. நியாயம்தானே? அது படம் போட்டவனுக்குத் தெரிய வேணாமா?”

தணிகாசலம் காலடியில் இருந்த மூடியைப் பார்த்தார்.

இரண்டையும் அவர்தான் வரைந்தார். முதலில் டேங்கை. பிறகு மரத்தை.

“போகட்டும்” என்றார் பெரியவர். “அந்த ஆளைவிட இந்தத் தகரத்துக்கு நல்ல மனசு. தினமும் நிழல் குடுக்குது.”

கேட்டுக்குள் லாரி வந்தது. மூன்று பேர் குதித்தார்கள். ஒருவன் கையில் சுருட்டிய புது ஃபிளெக்ஸ். தணிகாசலத்தைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்தது.

“சார்! போட்டோல இருக்கற மாதிரியே இருக்கீங்களே!”

முகத்தைப் பார்த்தே அவரை அடையாளம் கண்ட முதல் ஆள் அவன்தான்.

“படம் போட்ட ஆர்க்கிடெக்ட் நீங்கதானே? கழட்டிடலாமா சார்? ரோட்டோரம் வைக்கச் சொன்னதே நீங்கதான்னு ஓனர் சொன்னார்.”

பெரியவரின் கையில் விசிறல் நின்றது.

ஒரு வார்த்தை போதும். அது தணிகாசலத்தின் வாய்வரை வந்தது. பைபாஸில் பஸ் ஒன்று போனது. ஜன்னலெல்லாம் முகங்கள். நாளைக்கு அத்தனை முகங்களும் அவர் பெயரைப் படிக்கும்.

அவர் கழட்டச் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அவன் கொஞ்ச நேரம் காத்திருந்தான். பிறகு ஸ்பேனரை எடுத்தான்.

போர்டு சாய்ந்தது. மரம் மல்லாந்து லாரியில் ஏறியது. வெயில் மொத்தமாக வந்து பெரியவர் மேல் விழுந்தது.

அவர் திட்டவில்லை. எழுந்து சுற்றுமுற்றும் பார்த்தார். நாற்காலியைத் தரதரவென்று இழுத்துவந்தார். தணிகாசலத்தின் முதுகுக்குப் பின்னால், அவர் நிழலுக்குள் போட்டார். உடம்பைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

நசீமா மேடம் வந்தபோது ரோட்டோரத்தில் தணிகாசலத்தின் முகம் மேலே ஏறிக்கொண்டிருந்தது. மேடம் அதைப் பார்த்தார். இரும்பு மூடியைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார்.

“மரம் இல்ல மேடம்” என்றார் தணிகாசலம்.

“அது உங்களுக்கு எப்பத் தெரியும்?”

தணிகாசலம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அங்கிருந்து போய்விட வேண்டும்போல் இருந்தது. ஒரு காலை எடுத்து வைத்தார்.

“அசையாதீங்க சார்” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். “வெயில் படுது.”