எல்லைக் கோட்டையின் செவலை நாய்

வேங்கைமலை ராஜா செல்லவீரருக்குக் கூத்து என்றால் உயிர். அதிலும் எல்லைக் கோட்டைக் கதை என்றால் சாப்பாட்டைக்கூட மறந்துவிடுவார். முப்பது வருஷத்துக்கு முன்னால், தளவாய் உக்கிரப்பர் பத்தே ஆளை வைத்துக்கொண்டு ஐந்நூறு கொள்ளைக்காரர்களை விரட்டிய கதை அது. அவர் முதன்முதலில் சொன்னபோது ஐம்பது பேராகத்தான் இருந்தார்களாம். நமக்கெதற்கு வம்பு? தளவாய் சொன்னால் ஐந்நூறுதான்.

அந்த வருஷம் அரண்மனை முற்றத்தில் தாண்டவன் வாத்தியார் அந்தக் கூத்தைக் கட்டினார். கிரீடமும் ஜிகினாவும் மின்ன, திரையை விலக்கிக்கொண்டு வந்து ஒரு சுற்றுதான் சுற்றியிருப்பார். தளவாய் எழுந்துவிட்டார்.

"நிறுத்துய்யா! எல்லையில நின்னவன் நான். அங்கே எவன் ஜிகினா கட்டிக்கிட்டுச் சண்டை போட்டான்? அத்தனையும் பொய்!"

ராஜாவின் முகம் சுருங்கிவிட்டது. "வாத்தியாரே, பத்து நாள் தர்றேன். நடந்ததை நடந்தபடி ஆடணும். தளவாய்தான் சாட்சி. ஒரு பிசகு சொன்னார்னா உன் மானிய நிலம் போச்சு!"

வாத்தியாரின் கூத்துக் குழுவில் பன்னிரண்டு பேர் கஞ்சி குடிப்பது அந்த நிலத்தில்தான். நேராக ஓடி, சபையில் வாய்ச்சாலகர் என்று பேரெடுத்த அம்பலவாணர் முன்னால் போய் நின்றார்.

"எல்லைப் பக்கம் நான் தலை வெச்சுக்கூடப் படுத்ததில்லையே சாமி!"

"பார்க்க வர்றவங்க மட்டும் போயிருக்காங்களா? முதல்ல கிரீடத்தைக் கழட்டு. செம்மண்ணை அள்ளி மூஞ்சியில பூசு. ஒரு கால் நொண்டட்டும். வசனத்தைப் பாதியாக் குறை. வீரன் பேசினா கூத்து. முறைச்சுக்கிட்டு நின்னா நிஜம். அப்புறம் ஒரு செவலை நாயைச் சேர்த்துக்கோ. அம்பு பட்டுச் சாகட்டும்."

"கோட்டையில நாய் இருந்துச்சா சாமி?"

"யாருக்குத் தெரியும்? ஆனா நாய் செத்துட்டா, பொய்யின்னு சொல்ல ஒருத்தருக்கும் மனசு வராது."

பத்தாம் நாள் மாலை கூத்து நடந்தது. நொண்டிக்கொண்டு வந்த வாத்தியார் ஒரு வார்த்தை பேசாமல் தலைப்பாகையை அவிழ்த்து, அம்பு பட்டு விழுந்த நாயின் மேல் போர்த்தினார். கூட்டம் விம்மியது. "எங்க மாமா சொன்ன அதே நாய்தான்!" என்று ஒரு செட்டியார் மூக்கைச் சிந்தினார். ராஜாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"தளவாயாரே, இப்போ என்ன சொல்றீங்க?"

தளவாய்க்கும் கூத்து பிடித்துத்தான் போயிருந்தது. ஆனாலும் சாட்சி என்று உட்கார்ந்துவிட்டுச் சும்மா இருந்தால் மதிப்பு என்ன ஆவது?

"அப்படியே நடந்தது ராஜா! ஒண்ணே ஒண்ணுதான் பிசகு. நாய் செவலை இல்லே, கருப்பு. என் கையாலதான் புதைச்சேன்."

வாத்தியாருக்கு உயிரே போய்விட்டது. ராஜாவும் சங்கடத்தோடு நெளிந்தார். "சொன்ன சொல் சொன்னதுதானே, வாத்தியாரே..."

அம்பலவாணர் கைகட்டி எழுந்தார். "தப்பு என்மேல ராஜா. அந்த நாயை உண்டாக்கினவன் நான். போன செவ்வாய்க்கிழமை வரைக்கும் அது பிறக்கவே இல்லை. தளவாய் ஐயாவைக் கேட்டு நிறம் வெச்சிருக்கணும்."

தளவாய் மீசையைத் தடவியபடி வானத்தைப் பார்த்தார்.

"அப்போ மத்ததெல்லாம்?" என்றார் ராஜா மெதுவாக.

"மத்ததை நாங்க தொடவே இல்லை ராஜா. அத்தனையும் தளவாய் ஐயா தன் வாயால சொன்னதுதான்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும் வாத்தியாருக்கு மானியத்தோடு இன்னும் இரண்டு காணி நிலம் எழுதிக் கொடுத்தார். அம்பலவாணருக்குத் தன் தோளில் கிடந்த சால்வையையே போர்த்திவிட்டார்.

"அடுத்த வருஷமும் இதே கூத்துதான் வாத்தியாரே. நாய் மட்டும் கருப்பா இருக்கட்டும். புதைச்சவரே சொல்றாரில்லே?"