கதவு சாத்தி எண்ணிய ஓலைகள்

இது எந்த நாடு, எந்தக் காலம் என்று என்னைக் கேட்காதீர்கள். ராஜா செத்துப்போய், வாரிசும் இல்லாமல், "இனிமே எங்களுக்கு வேண்டிய ஆளை நாங்களே எடுத்துக்கறோம்" என்று குடிகள் சொல்லிவிட்ட நாடு. அவ்வளவு தெரிந்தால் போதும்.

ஊருக்கு ஒரு குடம் வைப்பார்கள். பிடித்த ஆளின் பெயரை ஓலையில் கீறிக் குடத்தில் போட வேண்டும். ஓலை நறுக்கில் அந்தந்த ஊரின் சூட்டுமுத்திரை இருக்கும். முத்திரை இரும்பு ஊரை விட்டு வெளியே வராது. ஆகவே கள்ள ஓலை செய்ய வழியில்லை. எண்ணுகிறவன் பெயரை மாற்றிப் படித்தாலோ, குவியலை மாற்றிப் போட்டாலோதான் மோசடி உண்டு. குடத்தின் வாயைத் துணியால் கட்டி, அரக்கு ஊற்றித் தலைநகரத்துக்கு அனுப்புவார்கள். எண்ணுகிற வேலை உலகம்மை என்ற துறவியின் மடத்துக்கு. துறவிகளுக்கு எவன் வந்தால் என்ன, எவள் போனால் என்ன என்று ஊர் நினைத்தது.

எண்ணுவதற்கு ஒரு முறை இருந்தது. எண்ணுகிறவர் முழங்கை வரை துணியில்லாமல் நிற்க வேண்டும். ஓலையை உள்ளங்கையில் வைத்து, ஐந்து விரலையும் அகல விரித்து, நாலு பக்கமும் காட்டி, பெயரைச் சொல்லி, அப்புறம்தான் குவியலில் போடலாம்.

அந்தத் தடவை எண்ணியவர் வைரவநாதர். பெயருக்குத்தான் உலகம்மையின் சிஷ்யர். வயதில் அவளுக்கு அண்ணன் மாதிரி. மடத்துக்கு வருமுன் துறைமுகத்தில் சுங்க அதிகாரியாக இருந்தவர். அங்கே எவனிடமும் ஒரு வெற்றிலை கூடக் கைநீட்டி வாங்காதவர். அந்த விரல் விரிக்கிற வேலை அவருக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை.

"நான் என்ன திருடனா?" என்று முணுமுணுத்துக்கொண்டேதான் விரிப்பார்.

போட்டி மலைப்பக்கத்துச் செண்பகவல்லிக்கும் கடல்பக்கத்து இருளாண்டிக்கும். மைதானத்தில் எண்ணிக்கை பாதி நடந்திருக்கும். வானம் பொத்துக்கொண்டு கொட்டியது. காற்று வேறு. குவியலிலிருந்து ஓலை பறக்கப் பார்த்தது. சனங்கள் நனைகிறார்களே, ஓலை போய்விடுமே என்று வைரவநாதருக்குத் தலைகால் புரியவில்லை. எல்லாக் குடங்களையும் பக்கத்து மண்டபத்துக்குள் தூக்கும்படி மடத்து ஆட்களிடம் சொன்னார். கதவைச் சாத்தினார். உள்ளே விளக்கேற்றி எண்ணி முடித்தார். எண்ணிய ஓலைகளை வழக்கப்படி அந்தந்த ஊர்க் குடத்திலேயே திரும்பப் போட்டார்.

மழை விட்டதும் கதவைத் திறந்து, "செண்பகவல்லி" என்று அறிவித்தார்.

மலைக்காரர்கள் தப்படித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். கடல்காரர்கள் போகவில்லை. ஈரத்துணியோடு மண்டபத்தைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள்.

"கதவுக்குப் பின்னால என்ன நடந்தது?" என்றான் இருளாண்டி.

"எண்ணினோம்."

"யாரு பார்த்தா?"

"நாங்க பார்த்தோம்."

"நாங்க பார்க்கலையே, சாமி."

விடிந்தபோதும் அவர்கள் அங்கேதான் இருந்தார்கள். இப்போது கையில் கம்பு இருந்தது. சந்தைக்கு வந்த தங்கள் உப்பு வண்டிகளையெல்லாம் கடல் பார்த்துத் திருப்பி நிறுத்தியிருந்தார்கள். மத்தியானத்துக்குள் பதில் வராவிட்டால் இனி உங்கள் நாடு வேறு, எங்கள் நாடு வேறு என்று மடத்துக்குச் சொல்லியனுப்பினார்கள்.

வைரவநாதருக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்தார், எழுந்தால் நடந்தார். மடத்தில் கஞ்சி ஊற்றி வைத்தார்கள், தொடவில்லை. எத்தனை வருஷத்து நேர்மை! ஒரு மழைக்குள் கரைந்துபோய்விட்டதே என்று தனக்குத்தானே புலம்பினார். நேரே உலகம்மையிடம் போனார்.

அவள் நனைந்த துணிகளைப் பிழிந்துகொண்டிருந்தாள். இவரைப் பார்த்ததும் ஒரு போர்வையின் மறுமுனையை நீட்டினாள்.

"பிடிங்க. கனமா இருக்கு."

பிடித்தார்.

"ஒரு ஓலை பிசகல அம்மா! சத்தியமா சொல்றேன், ஒரே ஒரு ஓலை கூடப் பிசகல!"

"விரலை விரிச்சீங்களா?"

"ஒவ்வொரு ஓலைக்கும் விரிச்சேன். கதவு சாத்தியிருந்தா என்ன, முறைன்னா முறைதானே?"

"நாலு பக்கமும் காட்டினீங்களா?"

"காட்டினேன்."

"யாருக்கு?"

போர்வையிலிருந்து தண்ணீர் அவர் காலில் சொட்டியது.

"நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க," என்றார் கடைசியில். "என்னை நம்பமாட்டாங்க. உங்களை நம்புவாங்க. வைரவநாதன் நியாயமாத்தான் எண்ணினான்னு சொன்னாப் போதும், நாடு பிழைச்சுக்கும்."

உலகம்மை போர்வையைக் கொடியில் போட்டுவிட்டுக் கிளம்பினாள். அப்பாடா என்றிருந்தது அவருக்கு.

மைதானத்தில் அவளைக் கண்டதும் கூட்டம் எழுந்து நின்றது. இருளாண்டி முன்னால் வந்து கும்பிட்டான். தூக்கமில்லாமல் கண் சிவந்திருந்தது.

"தாயே, எங்களுக்கு உங்க மேல ஒரு குறையும் இல்ல. இந்த மனுஷன் ஒழுங்கா எண்ணினாருன்னு நீங்க சொல்லுங்க. இப்பவே கம்பைக் கீழ போட்டுட்டு வண்டியைப் பூட்டறோம்."

கிடைத்துவிட்டது! ஒரு வார்த்தைதான். வைரவநாதர் அவள் வாயையே பார்த்தார்.

"நான் உள்ள இல்லையே," என்றாள் உலகம்மை. "எனக்கு எப்படித் தெரியும்?"

கூட்டம் 'ஹோ' என்று எழும்பியது. "பார்த்தியா! குருவே கைவிட்டாச்சு!" என்று எவனோ கத்தினான். வைரவநாதர் முகத்தில் ஈயாடவில்லை. அவள் பக்கம் குனிந்தார்.

"அம்மா, என்னை உங்களுக்குத் தெரியாதா?"

"உங்களைத் தெரியும். குடத்துல இருக்கிறது தெரியாது."

"ஒரு வார்த்தையில முடிஞ்சிருக்குமே!"

"முடிஞ்சிருக்கும். நாளைக்கு என் இடத்துல ஒரு திருடி வந்து உட்கார்ந்தா, அவ சொல்ற ஒரு வார்த்தையிலயும் முடியும். பரவாயில்லையா?"

அவருக்குக் கோபம் வந்தது. உலகம்மை அதைக் கண்டுகொள்ளாமல் இருளாண்டியைப் பார்த்தாள்.

"ராத்திரி மண்டபத்துக்குள்ள யாராவது போனாங்களா?"

"எலி கூடப் போகல. சுத்தி நாங்கதான் இருந்தோம்."

"அப்ப அந்தக் கதவைக் கழற்றுங்க."

"கதவையா?"

"கதவைத்தான். எண்ணறதுக்குப் பலகை வேணுமில்ல?"

நாலு பேர் சேர்ந்து இரட்டைக் கதவையும் கீலோடு பெயர்த்து எடுத்தார்கள். மைதானத்து நடுவில் கல் அடுக்கி, அதன்மேல் கதவைக் கிடத்தி, குடங்களைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்கள். தலைநகரத்திலேயே தங்கியிருந்த செண்பகவல்லிக்கு ஆள் போயிற்று. அவள் வந்தாள், வரும்போதே, "ஜெயிச்சதை மறுபடி எண்ணுவாங்களா, இது என்ன கூத்து?" என்றாள். உலகம்மை அவளைத் தள்ளி நிற்கச் சொன்னாள். கடல்காரர்களைக் கதவையொட்டி நிற்கச் சொன்னாள்.

"இது என்ன நியாயம்?" என்றாள் செண்பகவல்லி.

"நீங்கதான் ஏற்கெனவே நம்பிட்டீங்களே அம்மா. உங்களுக்கு எதுக்குக் கிட்ட?"

"யாரு எண்ணப் போறா?" என்று கேட்டான் இருளாண்டி.

"அவருதான்."

"அதே ஆளா!"

"அதே ஆளுதான். கையைப் பார்த்துக்கிட்டே இருங்க."

வைரவநாதர் முழங்கைக்கு மேலே துணியைச் சுருட்டிக்கொண்டு நின்றார். அவமானத்தில் காது சுட்டது. முதல் ஓலையை எடுத்தார். உள்ளங்கையில் வைத்தார். விரித்தார். இத்தனை கண்கள் தன் விரலிடுக்கைத் துழாவுவதை அவர் முதல்தடவையாக உணர்ந்தார். ஒருத்தன் மூச்சுக்காற்று மணிக்கட்டில் பட்டது. விரலை இன்னும் கொஞ்சம் விரித்தார்.

வெயில் ஏறியது. குடம் குடமாகப் போயிற்று. நேற்றுக் குறித்துவைத்த கணக்கும் இன்றைய கணக்கும் ஊருக்கு ஊர் ஒத்துவந்தன. கூட்டத்தில் முணுமுணுப்பு குறைந்தது. வைரவநாதருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. பாருங்கடா, பாருங்க. நல்லாப் பாருங்க. ஒரு ஓலை பிசகாது.

அப்புறம் ஒரு சின்ன ஊரின் குடம் வந்தது. ஓலையெல்லாம் எடுத்தாயிற்று. பழக்கத்தில் கையை உள்ளே விட்டுத் துழாவினார். கழுத்துக்குக் கீழே, உள்பக்கமாக, விரலில் ஏதோ தட்டியது.

குனிந்து பார்த்தார். வாய்க்கட்டு அரக்கு உள்ளே வழிந்து இறுகியிருந்தது. அந்த அரக்கில் ஓர் ஓலை ஒட்டிக்கொண்டிருந்தது. நேற்றுச் சாத்திய மண்டபத்து விளக்கில் அது கண்ணில் படவில்லை.

குடத்துக்குள் பார்க்கிறவர் அவர் ஒருவர்தான். கையை வெளியே எடுத்தால் போதும், குடம் காலி. ஒரு ஓலையால் யாரும் ஜெயிக்கப் போவதுமில்லை, தோற்கப் போவதுமில்லை. ஆனால் ஓலையை எடுத்தால்? ஒரு ஓலை பிசகவில்லை என்று சத்தியம் செய்த வாய் என்ன ஆகும்? கம்பு வைத்திருக்கிறவர்கள் சும்மா இருப்பார்களா?

தலையைத் திருப்பி உலகம்மையைத் தேடினார். அவள் கூட்டத்துக்குப் பின்னால் யாரோடோ மீன்விலை பேசிக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

நகத்தால் சுரண்டினார். ஓலை அரக்கோடு பெயர்ந்து வந்தது. வெளியே எடுத்து, உள்ளங்கையில் வைத்து, ஐந்து விரலையும் விரித்தார்.

"இருளாண்டி," என்று படித்தார்.

இருளாண்டி அந்த அரக்குத் துண்டையே உற்றுப் பார்த்தான்.

"சாமி, இது நேத்துக் கணக்குல இருந்ததா?"

"இல்ல."

"ஏன்?"

"ஒட்டிக்கிட்டிருந்தது. நேத்து உள்ள இருட்டு. நான் பார்க்கல. தப்பு என்னுடையது."

அடி விழப்போகிறது என்றுதான் நினைத்தார். விரித்த விரல்களை மடக்கவில்லை.

பின்வரிசையில் ஒரு கிழவி, "அட, அது நம்ம ஊர்க் குடம்டா! அரக்கை அள்ளி ஊத்தினது நாமதானே!" என்றாள். யாரோ சிரித்தார்கள். இருளாண்டி கம்பைக் கதவுக்கு அடியில் தள்ளினான். இரண்டு கையும் காலியாக, மார்பில் கட்டிக்கொண்டு நின்றான்.

"மேல எண்ணுங்க, சாமி," என்றான்.

எண்ணி முடித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. ஜெயித்தது செண்பகவல்லிதான். இருளாண்டிக்கு நேற்றைவிட ஒரு ஓலை கூட. கடைசிப் பெயரைச் சொன்னதும் அவன் கொஞ்சநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தோற்றவன் முகம், அதை மறைக்கவில்லை. பிறகு செண்பகவல்லியிடம் போய், "உப்புக்கு வரி போட்டா மறுபடி வருவேன்," என்றான்.

"வாங்க. மோர் தர்றேன்," என்றாள் அவள்.

கூட்டம் கலைந்தது. வைரவநாதர் கதவின் ஓரத்தில் உட்கார்ந்தார். அரக்குக் கறை விரலை விட்டுப் போகவில்லை. தேய்த்துக்கொண்டே இருந்தார். உலகம்மை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நேத்து ஜெயிச்சவதான் இன்னிக்கும் ஜெயிச்சா," என்றார். மனசு ஆறவில்லை. "ஒரு ஓலைக்காக ஊர் முன்னாடி என்னைக் குற்றவாளி மாதிரி நிக்க வெச்சுட்டீங்க. இதனால என்ன மாறிச்சு?"

"நேத்துச் சாயந்தரம் யாரு வீட்டுக்குப் போனாங்க?"

"மலைக்காரங்க. ஜெயிச்சவங்க."

"அவங்களை அனுப்ப எண்ணவே வேண்டாம்," என்றாள். "அதோ பாருங்க, இன்னிக்கு யாரு போறாங்கன்னு."

உப்பு வண்டிகள் மறுபடி சந்தை பார்த்துத் திரும்பிக்கொண்டிருந்தன. கடல்காரர்கள் கம்புகளை வண்டியில் போட்டுவிட்டு, தோற்றதைப் பற்றிச் சத்தமாகச் சண்டை போட்டபடி வீட்டுக்கு நடந்தார்கள்.

மேற்கே மறுபடி கறுத்துக்கொண்டு வந்தது. வைரவநாதருக்குப் பழைய பதற்றம் தொற்றிக்கொண்டது. எழுந்து கதவைத் தட்டிப் பார்த்தார்.

"இதைத் திரும்ப மாட்டச் சொல்லட்டுமா? அடுத்த தடவையும் பாதியில மழை வந்தா என்ன பண்றது?"

"நனையுங்க," என்றாள் உலகம்மை.