ஏரியைச் சுருட்ட வந்தவனும் நூறாவது ஆளும்

சத்தியம்! சத்தியம்! மூன்றாவது தடவையும் சத்தியம்! இந்தக் கதையில் ஒரு சொல் பொய்யாக இருந்தால் என் வாயில் மிச்சமிருக்கும் நான்கு பல்லும் இன்றைக்கே உதிரட்டும். நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம், நம்புகிறவர்களின் காலை மிதிக்காமல் போங்கள்.

ஆமைகளுக்கு முதுகில் ஓடு முளைக்காத காலம் அது. ஆலங்காடு என்று ஒரு நாடு. அந்த நாட்டில் ஓர் ஏரி. எவ்வளவு பெரிய ஏரி? இந்தக் கரையில் ஒருவன் தும்மினால் அந்தக் கரைக்காரன் மறுநாள்தான் ‘தீர்க்காயுசு’ என்பான். அவ்வளவு பெரியது. அதன் கிழக்குக் கரையோரம் தண்ணீருக்குள்ளேயே மரங்கள் நின்றன. மரத்துக்கு மரம் பறவைக்கூடு. சுற்றிலும் தண்ணீர் இருப்பதால் நரி கிட்டே வராது.

இந்த ஏரியைக் காக்க ஏரிக்கூட்டம் என்று ஒன்று இருந்தது. வீட்டுக்கு ஓர் ஆளாக நூறு பேர். கரை உடைந்தால் அடைப்பார்கள், மதகு தூர்ந்தால் வாருவார்கள், பறவைகள் குஞ்சு பொரிக்கும்போது வேடனை விரட்டுவார்கள். ஆனால் நாளாக ஆக, ஒருவருக்கு இடுப்புப் பிடித்தது, ஒருவர் மகள் வீட்டுக்குப் போனார், மற்றவர்கள் ‘அதான் மத்தவங்க இருக்காங்களே’ என்று வீட்டிலிருந்தார்கள். கடைசியில் கூட்டத்தில் மிஞ்சியது இரண்டரைப் பேர்.

ஒருத்தி குருவம்மா. ஏரிக்கரைக் கோரையை அறுத்துப் பாய் முடைகிறவள். இன்னொருவர் பரமக்குட்டி. மண்வெட்டி பிடித்தால் பத்து ஆள் வேலை செய்வார், ஆனால் காதோரம் இடி இடித்தாலும் கேட்காது. அந்த அரை ஆள், ஒரு கூழைக்கடா. அலகின் கீழே பை தொங்குமே, அந்தப் பறவைதான். அதை அரை ஆள் என்று நான் சொன்னது அதற்குத் தெரிந்தால் என் மூக்கு இருக்காது.

ஒருநாள் அரசவைக்கு ஒரு மந்திரவாதி வந்தான். பெயர் சுருளாண்டி. முடி சுருள், மீசை சுருள், பேச்சும் சுருள். அரசர் அலங்காரவர்மர் அப்போது கண்ணாடியில் மீசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மகாராஜா! உங்கள் நாட்டில் கேட்பாரற்ற ஏரி ஒன்று கிடக்கிறது. எனக்குக் கொடுங்கள். பாய்போலச் சுருட்டிக் கொண்டுபோய் என் மாளிகைக் கூடத்தில் விரித்துக்கொள்கிறேன்.”

“கேட்பாரற்றதா? எடுத்துக்கொள்,” என்றார் அரசர், மீசையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“நில்லுங்க!” என்று ஒரு குரல். காவலனைக் கோரைக்கட்டால் இடித்துத் தள்ளிக்கொண்டு குருவம்மா உள்ளே வந்தாள். “கேட்பாரற்றதுன்னு எவன் சொன்னது? கேக்க நான் இருக்கேன்!”

“நீ மட்டுமா?”

“ரெண்டு பேரு இருக்கோம்.”

“மூணு!” என்று சாளரத்தில் உட்கார்ந்து கத்தியது கூழைக்கடா.

அரசர் சிரித்தார். “நூறு பேர் இருந்தால்தான் அது ஏரிக்கூட்டம். என் முப்பாட்டன் போட்ட சட்டம். மூன்று நாள் தருகிறேன். மூன்றாம் நாள் உச்சிவேளையில் நூறு பேர் ஏரியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றால் ஏரி உங்களுக்கு. ஓர் ஆள் குறைந்தாலும் அவனுக்கு. அதுவரை அவன் சுருட்டிக்கொண்டிருக்கட்டும்.”

“இது எந்த ஊரு நியாயம்?”

“என் ஊர் நியாயம்.”

“அப்போ நூறு பேரோட வந்து பேசிக்கிறேன்,” என்று சொல்லிவிட்டு, கும்பிடாமலே திரும்பி நடந்தாள் குருவம்மா.

சுருளாண்டி மேற்குக் கரைக்குப் போனான். குனிந்து ஏரியின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்தான்.

“சுருளு சுருளு, சுருண்டு வா! கேக்க ஆளில்ல, உருண்டு வா!”

ஏரி சுருண்டது ஐயா! தண்ணீரும் தாமரையும் உள்ளே நீந்திய மீனுமாக, பாய் சுருளுவதுபோல் சுருண்டது. சாயங்காலத்துக்குள் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது.

கூழைக்கடா பறந்து வந்து குருவம்மாவின் தலைமேலேயே இறங்கியது. “ஏய் பாய்க்காரி! என் கூடு கிழக்குக் கடைசி மரத்துல இருக்கு. மூணு குஞ்சு. எறக்கை முளைக்க இன்னும் இருபது நாளு ஆகும். தண்ணி போச்சுன்னா நரி நடந்தே வரும். ஏதாவது செய்!”

“செய்யுறேன். மொதல்ல எறங்கு, கழுத்து ஒடியுது.”

ஏரி வேலைக்கு ஆள் வேண்டுமென்றால் தமுக்கு அடிப்பது அந்த நாட்டு வழக்கம். குருவம்மா தமுக்கை எடுத்துத் தோளில் மாட்டினாள். டம்! டம்! டம்! “ஊராரே! எல்லாரும் ஏரிக்கு வாங்க! ஏரி போகுது, எல்லாரும் வாங்க!”

ஊரெல்லாம் கேட்டது. முதல் வீட்டுக்காரர் சொன்னார்: “எல்லாரும் போறாங்கள்ல, நான் ஒருத்தன் போகாட்டி என்ன?” இரண்டாம் வீட்டுக்காரி சொன்னாள்: “எல்லாரும் போறாங்கள்ல, நான் ஒருத்தி போகாட்டி என்ன?” மூன்றாம் வீடு, முப்பதாம் வீடு, முந்நூறாம் வீடு, எல்லா வீட்டிலும் அதே பேச்சு, ஓர் எழுத்து மாறவில்லை.

கரையில் வந்து நின்றவர் ஒரே ஒருவர். மண்வெட்டியோடு பரமக்குட்டி. அவர் தோளைத் தொட்டு, ஏரியைக் கைகாட்டி, குருவம்மாவே கூட்டி வந்திருந்தாள்.

இரண்டாம் நாள். “வயித்தைக் கூப்பிட்டா ஆளு வரும்,” என்றது கூழைக்கடா. குருவம்மா கரையிலேயே அடுப்பு மூட்டி, மொச்சை போட்டுக் கருவாட்டுக் குழம்பு வைத்து, மலைபோல் சோறு வடித்தாள். டம்! டம்! டம்! “எல்லாரும் வாங்க! சோறு உண்டு!”

வந்தார்கள். முந்நூறு பேர் வந்தார்கள். உட்கார்ந்தார்கள், உண்டார்கள், மிச்சமிருந்த ஏரியில் கை கழுவினார்கள். “ரொம்ப நல்ல காரியம் தாயி. யாராவது செய்யத்தான் வேணும்,” என்று வாழ்த்திவிட்டுப் போய்விட்டார்கள். பரமக்குட்டி மட்டும் நின்றார். அவருக்குத்தான் சோறு மிஞ்சவில்லை.

மேற்கே சத்தம்: “சுருளு சுருளு, சுருண்டு வா! கேக்க ஆளில்ல, உருண்டு வா!” இரண்டாம் பங்கும் போனது.

வேறொருத்தியாக இருந்தால் உட்கார்ந்து அழுதிருப்பாள். குருவம்மாவுக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. தமுக்கை ஓங்கி ஓர் உதை விட்டாள். அது உருண்டுபோய்ப் பரமக்குட்டியின் காலில் இடித்தது. அவர் அதை எடுத்துத் தட்டிப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை, உதட்டைப் பிதுக்கினார். குருவம்மா அவரையே பார்த்தாள்.

“ஏ கூழைக்கடா! தமுக்குச் சத்தம் கேட்டவன் ஒருத்தனும் நிக்கலை. கேக்காதவரு மட்டும் ரெண்டு நாளா நிக்கிறாரு.”

“அப்போ கோளாறு ஊருல இல்ல. தமுக்குல!”

கோரை அறுக்கும் அரிவாளால் தமுக்கின் தோலைக் கிழித்தாள். உள்பக்கம் கன்னங்கரேலென்று மை பூசியிருந்தது. அந்த மை வாய்விட்டுச் சிரித்தது, சுருளாண்டியின் குரலில்!

“கண்டுபிடிச்சிட்டியா? எல்லாரையும் கூப்பிடுற சத்தம் இந்த மையில பட்டுப் போனா, கேக்குறவன் காதுல ‘நான் எதுக்கு’ன்னு ஒரு கரும்பொட்டு ஒட்டிக்கும். ஒண்ணு தெரிஞ்சுக்கோ பெண்ணே, நான் வச்சது துளி மைதான். மிச்சம் ஊருலயே இருந்துச்சு.”

“மிச்சத்தை நான் பார்த்துக்கிறேன்,” என்று சொல்லி, தமுக்கை அடுப்பில் போட்டாள்.

மூன்றாம் நாள் பொழுது புலர்ந்தது. உச்சிவேளைக்குள் நூறு பேர். தமுக்கு இல்லை. குருவம்மா என்ன செய்தாள்? ஊரில் எல்லா வீட்டிலும் விரித்துப் படுப்பது அவள் முடைந்த பாய். எந்த வீட்டில் யார் இருக்கிறார், யாருக்கு என்ன வரும், யாருக்கு என்ன வராது என்று அவளுக்குத் தெரியாதா? முதல் கதவைத் தட்டினாள்.

சண்டைக்கு ஆள் கிடைக்காத நாளில் கோழியோடு சண்டை போடுகிற வெள்ளத்தாய் எட்டிப் பார்த்தாள். “என்னடி?”

“வெள்ளத்தாய் அக்கா! உன்னத்தான் கூப்பிட வந்தேன். ஏரியில குப்பை போடுறவனையும், குஞ்சு பிடிக்கிறவனையும் நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேக்க ஓர் ஆளு வேணும். இந்த ஊருல உன்னை விட்டா யாரு?”

வெள்ளத்தாயின் காதிலிருந்து கடுகளவு கறுப்பாக ஒன்று ‘டொக்’கென்று தரையில் விழுந்தது. “இத்தனை நாளா யாருமே எங்கிட்டச் சொல்லலையே!” என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு புறப்பட்டாள்.

அடுத்தது தூக்கத்தில் பெயர்பெற்ற அய்யங்குட்டி.

“எனக்கு ஒரு வேலையும் தெரியாது அக்கா. படுக்கத்தான் தெரியும்.”

“அது போதும் அய்யங்குட்டி. வடக்கு மதகுகிட்ட ஓர் உடைப்பு இருக்கு. உன் நீளம், உன் அகலம். வந்து படு.”

டொக்! விழுந்தது. அய்யங்குட்டி தலையணையோடு எழுந்து வந்தார்.

மூன்றாவது, ஊர்த்தலைவர் வீரபுத்திரர். “கூட்டமா எல்லாரும் வரட்டும், அப்புறம் நான் வரேன்,” என்றார்.

“கூட்டம்னா வேற யாரு? வீரபுத்திரண்ணே, நீங்கதான் கூட்டம். வெளிய வாங்க.”

டொக்!

இப்படியே கதவு கதவாக, பெயர் பெயராக. குயவரைக் களிமண்ணுக்குக் கூப்பிட்டாள், கொல்லரை மதகுச் சாவிக்குக் கூப்பிட்டாள், இடுப்புப் பிடித்தவரை உட்கார்ந்தபடி பறவை எண்ணக் கூப்பிட்டாள். வர மறுத்தவர்களும் உண்டு. நான்கு பேர் கதவைச் சாத்தினார்கள், ஒருத்தி தண்ணீரை மேலே ஊற்றினாள். குருவம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த கதவைத் தட்டினாள்.

உச்சிவேளை. கிழக்குக் கரையில் அரசர் பட்டுக் குடைக்கீழ் உட்கார்ந்திருந்தார். ஏரி ஒரு கீற்றாகிக் கிடந்தது. மலை உயரச் சுருளை உருட்டிக்கொண்டு வந்து நின்றான் சுருளாண்டி. கடைசி மரத்தின் அடியில் இரண்டு முழம் தண்ணீர்தான் மிச்சம். புதரில் மூன்று நரிகள் நாக்கைத் தொங்கப்போட்டுக் காத்திருந்தன.

ஏரியின் விளிம்பைப் பிடித்து வரிசையாக நின்றவர்களை மந்திரி எண்ணினார். “தொண்ணூற்றெட்டு… தொண்ணூற்றொன்பது… நூறு!”

“நிறுத்துங்கள்!” என்று கத்தினான் சுருளாண்டி. “அந்த நூறாவது, கூழைக்கடா!”

“ஆமா, அதுக்கென்ன? உன்னவிட நான் அழகுதான்!” என்றது கூழைக்கடா.

“சட்டம் நூறு ஆள் என்கிறது. பறவை ஆள் இல்லை,” என்றார் அரசர். “ஓர் ஆள் குறைகிறது. ஏரி அவனுக்கு.”

கூழைக்கடா அரசரின் பரம்பரையையே பெயர் சொல்லித் திட்டியது. அதை நான் இங்கே சொல்லமாட்டேன், பிள்ளைகள் கேட்கிறார்கள். சுருளாண்டி கடைசிக் கீற்றில் கை வைத்தான். “சுருளு சுருளு…”

குருவம்மா விளிம்பை விடவில்லை. தலையை மட்டும் திருப்பினாள். “அலங்காரவர்மரே!”

அரசனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் தலை போகும். பன்னிரண்டு வாள்கள் உறையிலிருந்து வெளியே வந்தன.

“உங்களைத்தான். தீர்ப்புச் சொல்ற வாயி குடிக்கிறது எந்தத் தண்ணி?”

“…இந்தத் தண்ணிதான்,” என்றார் அரசர்.

“நீங்க ஆளா, இல்லையா?”

“என்ன கேள்வி இது? ஆள்தான்.”

“அப்போ அலங்காரவர்மரே, எறங்குங்க! எனக்கும் பரமக்குட்டிக்கும் நடுவுல ஓர் ஆளு எடம் காலியா இருக்கு. தலையை வெட்டணும்னா அப்புறம் வெட்டிக்கலாம், ஏரி ஓடிருச்சுன்னா வராது!”

அரசரின் காதிலிருந்து கறுப்பாக ஒன்று விழுந்தது. கடுகளவா? இல்லை ஐயா, அரசர் காது அல்லவா, மாங்காய் அளவு! ‘தொப்’பென்று விழுந்து நசுங்கியது.

“முப்பது வருஷமாயிற்று, என்னைப் பெயர் சொல்லி ஒருவர் ஒரு வேலைக்குக் கூப்பிட்டு,” என்றார் அரசர். பட்டுவேட்டியை மடித்துக் கட்டினார், சேற்றில் இறங்கினார், ஏரியின் விளிம்பைப் பிடித்தார்.

“நூறு!” என்று அலறினார் மந்திரி.

“பிடிச்சா மட்டும் போதாது,” என்றாள் குருவம்மா. “சுருண்ட பாயை எப்படி விரிக்கணும்னு பாய்க்காரிக்குத் தெரியும். ஓரத்தை இறுக்கிப் பிடிங்க. நான் சொல்றப்போ உதறுங்க! ஒண்ணு!”

உதறினார்கள். மலைச்சுருள் ஆடியது.

“ரெண்டு!”

உதறினார்கள். சுருளாண்டியின் மீசை நேரானது.

“மூணு!”

உதறினார்கள் பாருங்கள்! சடசடவென்று ஏரி மேற்கே விரிந்து ஓடியது. தாமரை விரிந்தது, மீன் தெறித்தது, மூன்று நரிகளும் வாலை இடுக்கிக்கொண்டு மூன்று திசையில் ஓடின. கடைசி மரத்தைச் சுற்றி ஆள் முழுகும் ஆழத்துக்குத் தண்ணீர் ஏறியது. சுருளாண்டி பாயிலிருந்து உதறிய தூசிபோலப் பறந்துபோய் மேற்குக் கரைச் சேற்றில் தலைகுப்புற நட்டுக்கொண்டான். மந்திரமெல்லாம் சேற்றோடு போயிற்று.

கூழைக்கடாவின் மூன்று குஞ்சுகளும் இருபதாம் நாள் பறந்தன. சட்டத்தில் ‘நூறு ஆள்’ என்பதை அடித்துவிட்டு ‘நூறு உயிர்’ என்று அரசர் தம் கையாலேயே எழுதினார், கூழைக்கடா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வோர் எழுத்தையும் சரிபார்த்தது. ஏரிக்கூட்டத்துக்குத் தலைவி குருவம்மா. மாதம் ஒருநாள் வண்டல் வார அரசரும் வரவேண்டும், வராவிட்டால் வெள்ளத்தாய் அரண்மனை வாசலுக்கே போவாள். வராத மாதம் ஒன்றுகூட இல்லை.

சுருளாண்டி? சேற்றிலிருந்து அவனைப் பிடுங்கி எடுத்து குருவம்மா சொன்னாள்: “சுருளாண்டி, உன்னத்தான் கூப்பிடுறேன். நல்லாச் சுருட்ட வருது உனக்கு. ஏரிப்பாசியைச் சுருட்டி எடு.” நூற்றோராவது ஆள் அவன். கொஞ்சம் முணுமுணுப்பான், ஆனால் வேலை சுத்தம்.

அந்தக் கூட்டம் இன்னும் இருக்கிறது. சுருட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், வேறு வேறு வேட்டி கட்டிக்கொண்டு வருகிறார்கள். உங்கள் ஊரிலும் ஒரு குளமோ, ஆற்றங்கரையோ, நாலு மரம் நிற்கிற மேடோ இருக்கும். அதன் ஓரத்தை யாராவது மெல்லத் தூக்கிப் பார்த்தால் ‘எல்லாரும் வாங்க’ என்று கூவாதீர்கள். ஒரு கதவைத் தட்டுங்கள். ஒரு பெயரைச் சொல்லுங்கள். மேலே தண்ணீர் ஊற்றினால் துடைத்துக்கொண்டு அடுத்த கதவுக்குப் போங்கள்.

இந்தக் கதையை யாருக்கு வேண்டுமானாலும் சொல்லுங்கள், ஆனால் யார் சொன்னது என்று மட்டும் மூச்சு விடாதீர்கள். ஏரிக்கூட்டத்தில் வரும் வாரம் மதகு வாருகிறார்களாம். நான் இங்கே வெட்டியாக உட்கார்ந்து கதை சொல்கிறேன் என்று தெரிந்தால் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிடுவார்கள். கூப்பிட்டால் போகாமல் இருக்க என்னாலும் முடியாது.