சும்மாட்டுப்பட்டிக்காரர்கள் சாவு நாள் கேட்ட கதை

சும்மாட்டுப்பட்டிக்காரர்கள் யோசிக்காமல் எதையும் செய்ய மாட்டார்கள். ஊரே கூடி உட்கார்ந்து, வெற்றிலை போட்டு, நன்றாக யோசித்த பிறகுதான் கோணலாகச் செய்வார்கள். அவசரப்பட்டுத் தப்புச் செய்தவன் என்று அந்த ஊரில் ஒருவனைக்கூடக் காட்ட முடியாது.

ஓர் ஐப்பசி மாதம் அந்த ஊருக்கு ஒரு ஜோசியர் வந்து சேர்ந்தார். மழையில் நனைந்து, பசியோடு வந்த மனிதர். சாவடியில் உட்கார்ந்து, "கைரேகை பார்த்து உசிரு போற தேதியைச் சொல்லுவேன். வேணுங்கிறவங்க வாங்க, வேணாங்கிறவங்க விலகிக்கோங்க" என்றார்.

நாட்டாமை சடையப்பன் கையை நீட்டப் போய் மடக்கிக்கொண்டார். ஒரே மகள் செங்கமலத்துக்கு ஆற்றுக்கு அக்கரையில் மாப்பிள்ளை பார்த்து, தை இருபதில் கல்யாணம் குறித்திருந்தார். அவள் கழுத்தில் தாலி ஏறுவதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும், அது ஒன்றுதான் அவர் ஆசை. அதுவரை இருப்போமா என்று கேட்கவும் ஆசை. இருக்கமாட்டாய் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று பயம். உடனே பஞ்சாயத்தைக் கூட்டினார்.

"தெரிஞ்சுக்கிறதுதான் மரியாதை" என்றான் பூசாரி கொண்டையன். "நாள் தெரியாம அன்னைக்குப் பார்த்து நாம சந்தைக்குப் போயிட்டோம்னு வைங்க. எமன் அவ்வளவு தூரம் எருமை மேல வந்து, வீடு பூட்டிக் கெடக்கிறதைப் பார்த்துட்டுத் திரும்பிப் போனா நல்லாவா இருக்கும்?"

"திரும்பிப் போனா நல்லதுதானேய்யா?" என்றான் மாசாணம்.

"அந்த எருமைக்கு ஒரு வாளி தண்ணி காட்ட ஆள் வேணாமா? நம்ம ஊரைப் பத்தி அது என்ன நினைக்கும்?"

மாசாணம் வெட்கப்பட்டுத் தலைகுனிந்தான்.

"எல்லாஞ் சரி. என் நாள் எனக்குத் தெரிஞ்சா அன்னையிலேருந்து சோறு எறங்காதே" என்றார் நாட்டாமை.

"என் நாள் தெரிஞ்சா எனக்கும் எறங்காது" என்றான் பக்கத்து வீட்டு உலகண்ணன். "ஆனா உங்க நாள் தெரிஞ்சா எனக்கு நல்லாவே எறங்கும், நாட்டாமை." வேலியோர முருங்கைமரம் யாருடையது என்று இருவருக்கும் ஒன்பது வருஷத் தகராறு.

சபையில் இருந்த ஒவ்வொருவரும் தன் மனசைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். எல்லார் மனசிலும் அதேதான் இருந்தது. ஆகவே தீர்மானம் எளிதாகப் போயிற்று: கல்யாணம் ஆன எல்லாரும் கையை நீட்ட வேண்டியது, அவரவர் நாளை ஜோசியர் அடுத்த வீட்டுக்காரர் காதில் சொல்ல வேண்டியது, கேட்டவர் வெளியே மூச்சுவிடுவதில்லை என்று சூடத்தில் அடித்துச் சத்தியம் செய்ய வேண்டியது. தன் சாவு தனக்குத் தெரியாது, ஊரார் சாவு ஊராருக்குத் தெரியும். இதைவிட நிம்மதியான ஏற்பாடு உண்டா?

எழுபத்தாறு பேர் வரிசையில் நின்றார்கள். ஜோசியர் முதல் கையை உண்மையாகவே பார்த்தார். அதற்குள் பக்கத்து வீட்டில் மீன் குழம்பு கொதிக்கிற வாசனை வந்துவிட்டது. முதல் காதில் "மார்கழி இருபத்தஞ்சு" என்று சொன்னவர், மீதி எழுபத்தைந்து காதிலும் அதையே சொன்னார். சாப்பிட்டார், பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்; பசித்த மனிதன் எத்தனை தேதியைத்தான் யோசிப்பான்?

மறுநாள் காலையிலேயே தொல்லை ஆரம்பித்தது. உலகண்ணன் ஒரு கட்டு முருங்கைக்காயோடு நாட்டாமை வீட்டு வாசலில் வந்து நின்றான். "சாம்பார் வச்சுச் சாப்பிடுங்கண்ணே. வேணும்னா மரத்தையே வச்சுக்கோங்க" என்றான். கண்ணில் நீர்.

நாட்டாமை அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அடியே சிலம்பாயி! நேத்து வரைக்கும் மரத்துல கை வச்சா கையை ஒடிப்பேன்னு சொன்னவன்டி இவன்! நான் எத்தனை நாளைக்குடி இருப்பேன்?" என்று பெண்டாட்டியைக் கூப்பிட்டு அலறினார்.

ஊர் முழுக்க இதே கதை. மாமியார் மீனின் நடுத்துண்டைத் தட்டில் வைத்ததைப் பார்த்து ஒரு மருமகள் மயங்கி விழுந்தாள். "உடம்புக்கு எப்படி இருக்கு?" என்று கேட்ட பாவத்துக்கு மாசாணம் நான்கு பேரிடம் அடி வாங்கினான்.

மறுபடி பஞ்சாயத்து கூடியது. யாரும் யாரிடமும் அன்பாகப் பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது, திட்டித்தான் பேச வேண்டும் என்று தண்டோரா போட்டார்கள். அதிலிருந்து ஊர் களைகட்டிவிட்டது. "வெளங்காத பயலே" என்று திட்டு வாங்கினவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தான். இரண்டு தெருவுக்குக் கேட்கிற மாதிரி திட்டு வாங்கினவன், எப்படியும் தொண்ணூறு வயசு இருப்போம் என்று பேரன் பிறக்குமுன்னே அவனுக்கு நிலம் பார்த்தான். உண்மையைச் சொன்னால், மற்ற ஊர்களில் சட்டம் போடாமலே இப்படித்தான் நடந்துகொண்டிருக்கிறது.

நாட்டாமைக்கு மட்டும் அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை. தினமும் காலையில் உலகண்ணன் வீட்டு வாசலில் போய் நின்று, "திட்டுடா" என்பார். உலகண்ணன் "ஏய் கெழட்டு..." என்று தொடங்குவான்; முடிக்காமலே அழுதுகொண்டு உள்ளே போய்விடுவான். கெட்ட சட்டத்துக்குக் கட்டுப்பட முடியாத இளகிய மனசு அவனுக்கு.

கார்த்திகைக் கடைசியில் நாட்டாமை அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "உலகண்ணா, தேதி வேணாம்டா. செங்கமலம் கல்யாணத்தைப் பார்ப்பேனா மாட்டேனா, அதை மட்டும் சொல்லு."

"சத்தியம் பண்ணியிருக்கேண்ணே, சொல்லமாட்டேன். ஆனா கல்யாணத்துக்குப் பட்டுவேட்டி எடுக்கிறதா இருந்தா, மார்கழி இருபத்தாறு வரைக்கும் பொறுத்து எடுங்க. வீணாப் போயிடக் கூடாது பாருங்க."

'இவ்வளவு கட்டுப்பாடாக ரகசியம் காக்கிறானே' என்று நாட்டாமை மெச்சிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மார்கழி இருபத்தைந்து விடிந்தது. எழுபத்தாறு பேரும், முதல் ஆளாகப் போய் அழவேண்டும் என்று கையில் மாலையோடு அடுத்த வீட்டுக்குக் கிளம்பினார்கள். போனால் அங்கே ஆளில்லை. அந்த வீட்டுக்காரர்கள் வேறு வீட்டுக்கு அழப் போயிருந்தார்கள். பிள்ளைகள் மட்டும் இழுத்துப் போர்த்தித் தூங்கிக்கொண்டிருந்தன. "அய்யோ, அதுக்குள்ள எடுத்துட்டாங்களே!" என்று வாசலில் நின்று ஒரு பாட்டம் அழுதுவிட்டு, எல்லாரும் சுடுகாட்டுக்கு ஓடினார்கள். பெண்கள் அங்கே போகிற வழக்கம் கிடையாது. தடுக்கவேண்டிய ஆண்கள் முன்னாலேயே ஓடிவிட்டதால் அவர்களும் போனார்கள்.

சுடுகாட்டில் கொண்டையனைப் பார்த்ததும் நாட்டாமை மாலையை அவன் கழுத்தில் போட்டு, "கொண்டையா, போயிட்டியாடா!" என்று அழுதார்.

"நானா? நான் மாசாணத்துக்காக வந்தேன், நாட்டாமை."

"உன் நாள் இன்னைக்குன்னு ஜோசியர் என் காதுலதானே சொன்னாரு!"

"உங்க நாளும் இன்னைக்குத்தாண்ணே!" என்று உலகண்ணன் வந்து அவர் காலைக் கட்டிக்கொண்டான்.

கொஞ்ச நேரத்தில் எழுபத்தாறு கழுத்திலும் மாலை விழுந்துவிட்டது. எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து யோசித்தார்கள்.

"நாம செத்துட்டோமா இல்லையா, அதை மொதல்ல முடிவு பண்ணுவோம்" என்றார் நாட்டாமை.

"தேதி சரியா இருக்கு. கழுத்துல மாலை இருக்கு. நம்ம வீட்டு வாசல்ல அழுகைச் சத்தம் கேட்டிருக்கு. உக்காந்திருக்கிற எடம் சுடுகாடு. இதுக்கு மேலயும் என்ன வேணும்?" என்றான் கொண்டையன்.

"அப்ப நமக்குக் கொள்ளி வைக்கிறது யாரு?" என்றான் மாசாணம்.

உயிரோடு இருக்கிற யாராவது கை தூக்கும்படி நாட்டாமை கேட்டார். ஒருவரும் தூக்கவில்லை. கொள்ளியை விட்டுவிட்டார்கள்.

"நான்தான் மொதல்ல செத்தேன்" என்றாள் சிலம்பாயி திடீரென்று. "உங்களுக்கு ஒரு நாழிகை முன்னாடி. சுமங்கலியாத்தான் போயிருக்கேன். பொட்டை எவளாவது அழிக்க வந்தா கையை முறிச்சிடுவேன்." மற்ற பெண்களும் அதையே சொன்னார்கள். புருஷன்மார் ஒத்துக்கொண்டார்கள், செத்த பிறகும் சண்டை எதற்கு? எல்லாரும் ஆற்றில் முழுக்குப் போட்டு வீடு திரும்பினார்கள். சாவு ஒரு வழியாக முடிந்துவிட்டது, இனிப் பயமில்லை. அன்று எல்லாரும் வயிறு நிறையச் சாப்பிட்டார்கள்.

நாட்டாமைக்கு மட்டும் நெஞ்சு ஆறவில்லை. மகள் கல்யாணத்தைப் பார்க்காமல் போய்ச் சேர்ந்துவிட்டோமே என்று தூணில் சாய்ந்து கிடந்தார். தை பிறந்து, கல்யாண வேலை பேச அக்கரையிலிருந்து சம்பந்தி ஏகாம்பரம் வந்தார்.

"சம்பந்தி, நான் போயிட்டேன்" என்று நாட்டாமை விம்மினார். "அப்பன் செத்து ஒரு வருஷம் திரும்பாம பொண்ணுக்கு எப்படிக் கல்யாணம் பண்றது?"

செங்கமலம் கதவோரம் நின்று அழுதாள். ஏகாம்பரம் விஷயத்தைக் கேட்டு முடித்து, நாட்டாமையின் தொடையில் அழுத்திக் கிள்ளினார். "வலிக்குதா?"

"வலிக்குது. செத்தா வலிக்காதுன்னு யாரு வந்து உங்ககிட்ட சொன்னாங்க?"

ஏகாம்பரம் கிள்ளுவதை விட்டார். ஆனால் பையனுக்குப் பெண் தேடி ஏழு வருஷம் அலைந்தவர். லேசில் விடுகிற ஆளில்லை. "சரி சம்பந்தி, செத்துட்டீங்க. துக்கம்தான். செத்தவர் வந்து கல்யாணத்தை நிறுத்தினதா எந்த ஊர்லயாவது கேள்விப்பட்டிருக்கீங்களா? அது பேய் பண்ற வேலை. நீங்க பேயா?"

நாட்டாமைக்கு ரோஷம் வந்துவிட்டது. "நான் நல்ல சாவு செத்தவன்!" என்றார். கல்யாணம் தை இருபதில், அக்கரையில் என்று முடிவாயிற்று.

கல்யாணத்துக்கு முதல் நாள் ஏகாம்பரம் வீட்டில் செத்துப்போன பெரியவர்களுக்குப் படையல். தலைவாழை இலை விரித்து, சோறு, வடை, அதிரசம், பாயசம் எல்லாம் வைத்து, செத்தவர்கள் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றார்கள். கும்பிட்டுவிட்டுக் கதவைத் திறந்தால், பின்வாசல் வழியாக வந்த சும்மாட்டுப்பட்டிக்காரர்கள் எழுபத்தாறு பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். படையலும் தீர்ந்துவிட்டது, அடுப்படியில் கல்யாணத்துக்கு என்று செய்து வைத்திருந்த பலகாரமும் தீர்ந்துவிட்டது.

"இத்தனை மரியாதையா உசிரோட இருந்தப்ப எவனும் சோறு போட்டதில்லை" என்று நாட்டாமை ஏகாம்பரத்தின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. மறுநாள் தாலி ஏறும்போது அவர் முதல் வரிசையில் உட்கார்ந்து, செத்தும் மகள் கல்யாணத்தைப் பார்த்துவிட்டேனே என்று தேம்பித் தேம்பி அழுதார்.

அதற்கு முன், படையல் அன்றே ஏகாம்பரம் செய்யவேண்டியது ஒன்று பாக்கி இருந்தது. சட்டி ஓரத்தில் ஒட்டியிருந்த கொஞ்சம் சோற்றை வழித்து, முன்னோர்கள் காக்கையாய் வந்து எடுப்பார்கள் என்று கூரைமேல் வைத்து, "கா... கா..." என்று கூப்பிட்டார். எங்கிருந்தோ ஒரு காக்கை வந்து உட்கார்ந்தது.

நாட்டாமை கையை ஓங்கி அதை விரட்டினார். "சூ! நாங்களே நேர்ல வந்திருக்கும்போது நீ யாரு நடுவுல?" என்று சொல்லிவிட்டு, கூரைமேல் இருந்த சோற்றையும் எடுத்துச் சாப்பிட்டார்.