கூழாங்கல்லைத் தேய்த்த முயல்

ஒரு காட்டில், மனிதர் வீடுகளை ஒட்டிய ஓரத்தில், மருதாயி என்ற முயல் வாழ்ந்துவந்தது. சுத்தத்தில் அதை மிஞ்சிய பிராணி அந்த வட்டாரத்திலேயே கிடையாது. புல்லைக்கூட இரண்டு முறை உதறிவிட்டுத்தான் தின்னும். மழை பெய்தால், நனைந்ததற்காக ஒரு முறையும் உலர்ந்ததற்காக ஒரு முறையும் முகம் கழுவும்.

அந்த ஆண்டு கோடை கடுமையாக இருந்தது. புல் காய்ந்தது. ஓடை சுருங்கிச் சுருங்கி ஒரு குட்டையாயிற்று. ஒரு மாலை, பசி பொறுக்காமல், மருதாயி ஒரு வீட்டுக் கொல்லையின் வேலி இடுக்கில் எட்டிப் பார்த்தது.

அங்கே ஒரு நீல டிரம்மில் மீன்கள் நீந்தின. டிரம்முக்கு மேலே ஒரு தொட்டி. தொட்டி நிறையக் கூழாங்கல். கற்களின் நடுவே, ஒரு பிடி மண்கூட இல்லாமல், பசலையும் அரைக்கீரையும் தளதளவென்று நின்றன. ஒரு சிறிய மோட்டார் டிரம்மின் தண்ணீரைத் தொட்டிக்கு ஏற்றியது. தண்ணீர் கற்களுக்குள் இறங்கி, சொட்டுச் சொட்டாக மீன்களிடமே திரும்பி விழுந்தது.

"மீனின் கழிவு கீரைக்கு உணவு. கீரை வடித்துத் தந்த தண்ணீர் மீனுக்கு வீடு. இவ்வளவுதானே!" என்று மருதாயி காதை ஆட்டியது.

குழந்தைகளே, வேலி இடுக்கில் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு "இவ்வளவுதானே" என்று சொல்வது முயல்களுக்கு மட்டும் உள்ள பழக்கம் அல்ல.

மறுநாளே வேலை தொடங்கியது. மீன்களுக்கு, தண்ணீர் தேங்கிய ஆழமான ஒரு பாறைக்குழி கிடைத்தது. குழியின் மேல், உள்ளே கூடாகிப்போன ஒரு மரத்துண்டு தொட்டியாக அமைந்தது. அடியில் மருதாயி தன் பல்லாலேயே துளைகள் போட்டது.

"மோட்டாருக்கு எங்கே போவாய், அக்கா?" என்று ஒரு குரல் கேட்டது. அது மழைராசு என்ற தவளை. யார் எந்த வேலை செய்தாலும் பக்கத்தில் உட்கார்ந்து கேலி பேசுவதே அதன் வேலை.

"கரியன் இருக்கிறான்" என்றது மருதாயி.

கரியன் ஒரு யானை. சொன்னதைச் செய்யும், சொல்லாததைச் செய்யாது.

"தம்பி, காலையில் முப்பது தும்பிக்கைத் தண்ணீர், மாலையில் முப்பது. குழியிலிருந்து எடுத்துக் கற்கள் மேல் ஊற்ற வேண்டும். முதல் அறுவடை உனக்கு."

"சரி, அக்கா."

"ஏன், எதற்கு என்று கேட்கமாட்டாயா?" என்றது மழைராசு.

"கேட்க வேண்டுமா, அக்கா?" என்று யானை முயலைப் பார்த்துக் கேட்டது.

மீன்களைத் தேடி மருதாயி குட்டைக்குப் போனது. கணுக்கால் அளவுத் தண்ணீரில் ஐந்து கெண்டைகள் பதுங்கிக் கிடந்தன. கரையில் ஒரு வெள்ளைக் கொக்கு ஒற்றைக்காலில் நின்றது.

"நேற்று ஒன்பது பேர் இருந்தோம்" என்றது கெண்டைகளின் தலைவியான கயலி. "இன்று ஐந்து."

"என் குழிக்கு வாருங்கள். அங்கே ஆழம் அதிகம். கொக்கின் கழுத்து எட்டாது. அடியில் இருந்துகொண்டால் உங்கள் உயிருக்கு நான் பொறுப்பு."

"அடியில் இருக்க முடிகிற தண்ணீர்தானா, அக்கா?"

"கண்ணாடி போன்ற தண்ணீர்!"

ஐந்து மீன்களும் கரியனின் தும்பிக்கைக்குள் ஏறிப் பயணம் செய்தன. "தம்பி, தும்மிவிடாதே, தும்மிவிடாதே" என்று வழிநெடுகக் கயலியின் குரல் உள்ளேயிருந்து கேட்டது. தும்ம வேண்டாம் என்று சொன்னதால் கரியன் தும்மவில்லை.

அடுத்து ஓடையிலிருந்து கூழாங்கற்கள் வந்தன. மருதாயி ஒரு கல்லைத் தொட்டது. உடனே முன்னங்காலை உதறிக்கொண்டது. கல்லின் மேல் பழுப்பு நிறத்தில் ஒரு வழவழப்பு!

"சீச்சீ! இதையா கீரைக்குப் படுக்கையாகப் போடுவது?"

தேங்காய் நார் ஒன்றைத் தேடி எடுத்துவந்து, கல் கல்லாகத் தேய்த்தது. ஆனால் தொட்டியின் ஒரு மூலையை மழைராசு முன்னதாகவே பிடித்துக்கொண்டிருந்தது.

"இந்தக் கற்கள் என் மெத்தை. இதில் நாரை வைத்தாயானால், விடியும்வரை பாடுவேன்."

மழைராசுவின் பாட்டை மருதாயி முன்பே கேட்டிருக்கிறது. அந்த மூலையை மட்டும் விட்டுவிட்டு, அந்தப் பக்கம் கண் போகாதபடி திரும்பி உட்கார்ந்து தேய்த்தது.

கொல்லை வேலியோரம் உதிர்ந்து கிடந்த பசலை விதைகளைக் கொண்டுவந்து தூவியது. அவை முளைத்தன. கற்களில் மீண்டும் வழவழப்பு படிந்தது. மருதாயி மீண்டும் தேய்த்தது. அது படியப் படிய, இது தேய்க்கத் தேய்க்க, நாள்தோறும் இதே வேலையாயிற்று. நாற்றுகளோ பச்சையாவதற்குப் பதிலாக மஞ்சளாயின.

ஒரு நாள் அந்த வெள்ளைக் கொக்கு குழிக்கரையில் வந்து இறங்கியது.

"அம்மணி, பயப்படாதீர்கள். மீன் எட்டாத ஆழம் என்று எனக்கே தெரியும். உங்கள் சுத்தத்தைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போகத்தான் வந்தேன். ஆகா! கல்லா இது, முத்தா?"

மருதாயிக்குக் காது இரண்டும் நிமிர்ந்தன. 'இவ்வளவு வெள்ளையாக இருப்பவர் பொய் சொல்வாரா?' என்று நினைத்துக்கொண்டது.

"அக்கா," என்று தண்ணீருக்குள்ளிருந்து கயலி அழைத்தது, "கண் எரிகிறது. அடியில் இருக்க முடியவில்லை."

"அழுக்கு இன்னும் போகவில்லை போலிருக்கிறது" என்றது மருதாயி.

"அதேதான், அம்மணி! இன்னும் ஒரு தேய்ப்பு!" என்றது கொக்கு.

"மலையையும் ஒரு தேய்ப்புத் தேய்த்துவிடேன், அக்கா. அதுவும் மங்கலாகத்தான் இருக்கிறது" என்றது மழைராசு.

கொக்குக்கு வேறு படிப்பு இல்லை. மீனுக்கும் தன் அலகுக்கும் நடுவே எத்தனை விரற்கடை என்பது மட்டும் துல்லியமாகத் தெரியும். முயல் தேய்த்த ஒவ்வொரு நாளும் மீன்கள் சிறிது மேலே வருவதை அது கவனித்துவிட்டது. ஆகவே தினமும் வந்தது, தினமும் புகழ்ந்தது.

இருபதாம் நாள் காலை. மருதாயி நாரால் கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தது; கொக்கு கரையில் நின்று பார்த்தது. ஐந்து கெண்டைகளும் தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடின. அவை குழி முழுவதும் பரவி நிற்கவில்லை. ஒரே இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன.

"ஏன் எல்லோரும் அங்கேயே நிற்கிறீர்கள்?" என்று மருதாயி பதறியது.

"இங்கே விழுகிற சொட்டில்தான் அக்கா, கொஞ்சம் மூச்சு இருக்கிறது" என்றது கயலி.

மருதாயி அண்ணாந்து பார்த்தது. அது மழைராசுவின் மூலை! இருபது நாளாகப் பார்க்காமல் திரும்பிக்கொண்ட மூலை. அங்கே மட்டும் பசலை கரும்பச்சையாகக் கொடி வீசி, தவளையின் தலைக்குக் குடையே பிடித்திருந்தது. அதன் கீழே கற்கள், பழுப்பாக, வழவழவென்று.

மருதாயி தயங்கித் தயங்கி ஒரு கல்லை எடுத்து முகர்ந்து பார்த்தது. நாற்றம் இல்லை. முதல் மழையில் நனைந்த மண்ணின் மணம்.

"இதில் என்னதான் இருக்கிறது, மழைராசு?"

"எனக்கென்ன தெரியும்? முதுகுக்கு இதமாக இருக்கிறது."

"எங்கள் ஓடையில் எல்லாக் கல்லும் இப்படித்தான் இருக்கும், அக்கா" என்றது கயலி, மூச்சு வாங்கியபடி. "அங்கே யாரும் நாரோடு வந்ததில்லை."

மருதாயிக்குச் சட்டென்று புரிந்தது. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு கூட்டம் இந்தக் கற்களில் குடியிருந்து, மீனின் கழிவைக் கீரைக்கு உணவாக்கித் தருகிறது. தான் நாள்தோறும் அந்தக் குடித்தனத்தையே கழுவிக் கொட்டியிருக்கிறோம்!

"ஏன் நிறுத்திவிட்டீர்கள், அம்மணி?" கொக்கு குழிக்கரையில் ஓரடி முன்னே வைத்தது. "அந்த ஒரு மூலைதான் பாக்கி. அதையும் தேய்த்துவிட்டால் சுத்தமோ சுத்தம்!"

அப்போதுதான் மருதாயி முதன்முறையாகக் கொக்கின் கண்ணைக் கவனித்தது. பேச்சு மூலையைப் பற்றியது. பார்வை கயலியின் மேல்.

கொக்கு அலகைத் திறந்து கழுத்தை வீசியது. மருதாயி ஒரே தாவலாகத் தாவி, கையிலிருந்த தேங்காய் நாரை அந்த அலகுக்குள் திணித்தது!

கொக்கு விக்கியது, திணறியது, இறக்கையை அடித்துக்கொண்டது.

"துப்பிவிடாதீர்கள், ஐயா. உள்ளேயும் ஒரு தேய்ப்பு!" என்றது மழைராசு. கொக்கு நாரோடு பறந்தே போயிற்று.

"கரியா!" என்று மருதாயி கத்தியது. "குழியில் பாதித் தண்ணீரை வெளியே இறை. குட்டையிலிருந்து புதுத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்று. நான் போதும் என்னும்வரை ஊற்று!"

"சரி, அக்கா."

"மழைராசு, உன் மெத்தை எனக்கு வேண்டும்."

"என் மெத்தையா?"

"தொட்டி முழுவதும் அந்தக் கற்களைப் பரப்பப் போகிறேன். அந்தக் கூட்டம் எல்லா மூலைக்கும் குடியேறட்டும். நீ பாடினாலும் சரி."

தவளை தன் மெத்தையை ஒரு முறை தடவிப் பார்த்தது. "பாட்டைக் கேட்பாயென்றால் தருகிறேன்" என்றது.

அதன் பிறகுதான் மருதாயிக்கு மிகக் கடினமான வேலை வந்தது: சும்மா இருப்பது. கற்களில் பழுப்பு படரும்போதெல்லாம் அதன் முன்னங்கால்கள் பரபரக்கும். உடனே அவற்றின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொள்ளும். அப்படியும் தாங்காவிட்டால் ஓடிப்போய்த் தன் முகத்தைக் கழுவிக்கொள்ளும். ஒரு நாளைக்கு இருபத்தேழு முறை கழுவியதாக மழைராசு சொல்லித் திரிந்தது.

ஆறு வாரம் கழிந்தது. தொட்டி முழுவதும் பசலை. முதல் கட்டு கரியனுக்குப் போயிற்று. "தின்னலாமா, அக்கா?" என்று கேட்டுவிட்டு அது தின்றது.

ஒரு காலை, கொக்கு திரும்பி வந்தது. அலகின் ஓரத்தில் இன்னும் ஒரு நார் தொங்கியது. குழிக்குள் கழுத்தை நீட்டி இடமும் வலமும் தேடியது. ஐந்து கெண்டைகளும் அடி ஆழத்தில் சுகமாகக் கிடந்தன. மேலே ஒரு வால்கூடத் தென்படவில்லை.

"என்ன அம்மணி இது?" என்று கொக்கு எரிச்சலோடு தலையைத் தூக்கியது. "கல்லெல்லாம் ஒரே அழுக்கு! கண்கொண்டு பார்க்க முடியவில்லையே!"

"நீங்கள் இதுவரை சொன்ன பாராட்டுகளில் இதுதான், ஐயா, உண்மையானது" என்று சொல்லிவிட்டு, மருதாயி ஒரு கீரையை எடுத்தது. இரண்டு முறை உதறியது. தின்றது.

நீதி: கண்ணுக்குத் தெரியாமல் உழைப்பவர்களை அழுக்கென்று துடைத்தெறிந்தால், அவர்கள் தாங்கி நிற்கும் உயிர்களும் வாடிப்போகும்.