கொம்பன் தோண்டிய குளம்

கடல் நடுவே ஏழு தீவுகள் சேர்ந்த ஒரு நாடு இருந்தது. அதன் நடுத்தீவில் கொம்பன் என்ற காட்டுப்பன்றி தன் மனைவியோடும் ஆறு குட்டிகளோடும் வாழ்ந்து வந்தது.

அந்தத் தீவில் தென்னை உண்டு, தாழை உண்டு. கரையோரம் பாறைக் குழிகளில் உப்பு தானாகவே விளைந்து கிடக்கும். மலை மட்டும் கிடையாது. மலை இல்லாததால் ஆறும் இல்லை. தீவின் நடுவில், மணலில், முழங்கால் ஆழத்துக்கு ஒரே ஓர் ஊற்றுக்குழி இருந்தது. முயல், உடும்பு, மைனா எல்லோரும் வந்து குடிப்பது அதில்தான்.

கொம்பனுக்கு மனசு ஆறவில்லை. "பன்றியாகப் பிறந்தும் சேற்றில் புரளக் கொடுத்து வைக்கவில்லையே! என் பிள்ளைகள் உடம்பெல்லாம் வெறும் மணல்!" என்று புலம்பியது. பிறகு ஒருநாள் காலையில் துள்ளி எழுந்தது. "இந்தக் குழியை நான் குளமாக்கிக் காட்டுகிறேன், பார்!"

அது தோண்டத் தொடங்கியதும், கரையிலிருந்து சிவப்பி என்ற நண்டு பக்கவாட்டில் ஓடோடி வந்தது. மணலில் வளை தோண்டிக் குடியிருப்பது அதன் பிழைப்பு.

"கொம்பண்ணே, நிறுத்துங்கள்! ஆழமாகப் போகாதீர்கள்! கீழே இருப்பது கடல்!"

"கடலா? அது அங்கே அல்லவா கிடக்கிறது!"

"இங்கேயும் இருக்கிறது. நம் தீவுக்கு அடியில் மணலெல்லாம் கடல் தண்ணீர் ஊறி நிற்கிறது. மழைத்தண்ணீர் லேசு. அதனால் அதன் மேலே மிதக்கிறது. நாம் குடிப்பது அந்த மேல்தண்ணீரைத்தான்!"

கொம்பன் வயிறு குலுங்கச் சிரித்தது. "தண்ணீர் மேல் தண்ணீர் மிதக்குமா? வளைக்குள்ளேயே கிடந்து உனக்குப் புத்தி கலங்கிவிட்டது, தங்கச்சி!"

மூன்று நாள் தோண்டியது. முதுகு மறையும் ஆழத்துக்குப் போனது. தண்ணீர் குபுகுபுவென்று ஊறியது! குட்டிகள் குதித்து ஆடின. முயல் முங்கிக் குளித்தது. உடும்பு மல்லாந்து மிதந்தது. "கொம்பன் வாழ்க!" என்று மைனா தீவெல்லாம் பறந்து கத்தியது. சேறு பூசிய உடம்போடு கொம்பன் ராஜா மாதிரி நடந்தது.

நான்காம் நாள் கடைக்குட்டி ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பியது.

"அப்பா! கடலைக் குடிக்கிற மாதிரி இருக்கிறது!"

கொம்பன் குடித்துப் பார்த்தது. தொண்டை எரிந்தது. மறுபடி குடித்தது. ஒரே உப்பு! சுற்றிலும் எல்லோரும் நாக்கு வறண்டு நின்றார்கள். யாரும் அதைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது கொம்பனுக்கு.

அது நேரே கரைக்கு ஓடி நண்டின் வளை முன் தலை குனிந்தது. "தங்கச்சி, உன்னைப் பார்த்துச் சிரித்தேன். தப்பு என்னுடையது. என் பிள்ளைகள் தவிக்கிறார்கள். வழி சொல்லு!"

சிவப்பி கண்களை நீட்டிப் பார்த்தது. "கலங்காதீர்கள் அண்ணே! மேல்தண்ணீர் தீவெங்கும் பரந்து கிடக்கிறது. ஒரே இடத்தில் ஆழமாகத் தோண்டி, அங்கேயே குடித்தும் குளித்தும் தீர்த்தோம். கீழே இருந்த உப்பு மேலே ஏறிவிட்டது. இந்தக் குழியை மூடுங்கள். தள்ளித் தள்ளிப் பத்து இடத்தில் ஆழமில்லாமல் தோண்டுங்கள். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்போம்."

"தோண்டுவதா? அது ஒன்றுதானே எனக்குத் தெரியும்!"

கொம்பன் பறந்தது. மணலைத் தள்ளிப் பெரிய குழியை மூடியது. பிறகு சிவப்பி தென்னைகளுக்கிடையே முன்னே ஓடி, கொடுக்கால் மணலில் கோடு கிழித்துக் காட்டியது. கொம்பன் பின்னாலேயே தோண்டிக்கொண்டு போனது. முழங்கால் ஆழம் வந்ததும் சிவப்பி "போதும்!" என்று கத்தும். கொம்பன் உடனே நிறுத்தும்.

பொழுது சாய்வதற்குள் பத்துக் குழியிலும் தண்ணீர் கசிந்து நின்றது. கடைக்குட்டி பயந்து பயந்து நாக்கை நீட்டியது. பிறகு காது இரண்டும் துடிக்க, "இனிக்கிறது!" என்று கூவியது. தீவே கூத்தாடியது! முயல் உடும்பின் முதுகில் ஏறித் தாளம் போட்டது.

அந்தக் கும்மாளத்தில் மைனா பறந்து வந்து, "கொம்பண்ணே, இன்னும் ஒரே ஒரு சாண் தோண்டினால் நான் குளிக்கலாமே!" என்றது.

கொம்பன் ஓடிப்போய்க் குழியை மறைத்து நின்றுகொண்டது. "வேண்டாம் மைனாக்கா! குளிக்கக் கடல் இருக்கிறது. இது குடிக்க!"

எல்லோரையும்விடச் சிவப்பிதான் சத்தமாகச் சிரித்தது.

மண்ணுக்குள் இருக்கும் செல்வத்தைத் தோண்டி எடுக்கத் தெரிந்தால் மட்டும் போதாது; எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்றும் தெரிந்திருக்க வேண்டும்.