மேலணை பதில் சொல்லுது

மேலணைக்கும் அடிவாரத்து ஆபீசுக்கும் நடுவே ஒரே ஒரு கம்பி. இந்த முனையில் ஒரு பெட்டி, அந்த முனையில் ஒரு பெட்டி. மூன்றாவது ஆளுக்கு அந்தக் கம்பியில் இடமில்லை. அணையில் தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது என்பது அது வழியாகத்தான் கீழே வந்தாக வேண்டும். மலையில் செல்போன் எடுக்காது.

கம்பியைப் பார்த்துக்கொள்பவர் கோமதிநாயகம். வயது ஐம்பத்தாறு. முப்பது வருசம் கம்பம் ஏறினவர். முட்டி தேய்ந்த பிறகு பெட்டி வேலைக்கு மாற்றிவிட்டார்கள். அவருக்குத் தொழில் சொல்லிக்கொடுக்க வந்த ஜரினா, அவருடைய மூத்த மகளைவிட இரண்டு வயது சின்னவள்.

அன்று காலை பத்து மணிக்கே மலை தெரியாத அளவுக்கு மழை. சாயங்காலத்துக்குள் அளவு தெரிந்தால்தான் ஆற்றோரத் தெருக்காரர்களைக் கிளப்பி மேடேற்றுவதா வேண்டாமா என்று சொல்ல முடியும். திரையில் விளக்கு பச்சையாக நின்றது. அளவு மட்டும் வரவில்லை.

"கம்பி நல்லாத்தான் இருக்கு மேடம். பத்து நொடிக்கு ஒரு தடவ 'இருக்கியா'ன்னு கேக்கேன், டக்குனு பதில் வருது. பொறவு ஏன் அளவு வரல? மேல உள்ள பெட்டி தூங்குதா?"

"எப்ப இருந்து பச்சை, அண்ணாச்சி?"

"நேத்து மத்தியானத்துல இருந்து. அதுக்கு முன்னால ரெண்டு நாளா வரும், போகும். வரும், போகும். ஒவ்வொரு தடவ போகும்போதும் மேலதிகாரிகிட்ட இருந்து போன். காதே புண்ணாப் போச்சு."

"எப்படி சரியாச்சு?"

கோமதிநாயகம் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் ரொம்ப நேரம் துடைத்தார்.

"பெட்டி பேசும்போது தனக்குன்னு ஒரு எண் வச்சு அனுப்புதுல்லா. அதே எண்ணு திரும்பி வந்தா இணைப்பை அறுத்துருது. அந்தச் சோதனைய அணைச்சுட்டேன். அதுக்கப்புறம் ஒரு தொந்தரவும் இல்ல."

ஜரினா நாற்காலியை இழுத்துப்போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"சாப்பிட்டாச்சா மேடம்?" என்றார், பேச்சை மாற்ற.

"சாப்பிட்டாச்சா மேடம்?" என்றாள்.

"நான்லா கேட்டேன்."

"நான்லா கேட்டேன்."

"என்ன, கேலியா? ஒங்க வயசுல எனக்கு மக இருக்கா."

"என்ன, கேலியா? ஒங்க வயசுல எனக்கு மக இருக்கா."

அவருக்குச் சிரிப்பு வந்தது. பிறகு பாதியிலேயே நின்றுபோனது. திரும்பி அந்தப் பச்சை விளக்கைப் பார்த்தார்.

மூன்று நாளைக்கு முன்னால் மலையேறினது அவர்தான். மழைக்குக் கம்பி கரகரத்தது என்று, அந்த முனையில் போகிற கம்பியையும் வருகிற கம்பியையும் ஒரு துண்டு வயரால் முறுக்கிச் சேர்த்து, இங்கிருந்து போகிற குரல் அங்கே முட்டித் திரும்புகிறதா என்று சோதித்தார். திரும்பியது. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது, முட்டி வலி வேறு. இறங்கி வந்தது ஞாபகம் இருக்கிறது. அந்தத் துண்டு வயரைப் பிரித்தது மட்டும் ஞாபகத்தில் இல்லை.

கோமதிநாயகம் ஜன்னல் வழியாக மலைப் பக்கம் பார்த்தார்.

"ஜீப்பு பாதி மலைக்குத்தான் போகும். அதுக்கு மேல மூணு மணி நேர நடை."

முட்டியைத் தடவிக்கொண்டார்.

"மூணு நாளா சரியா உறங்கல மேடம். முட்டி ரெண்டும் விண்ணு விண்ணுனு தெறிக்கு. மேல தண்ணி அவ்வளவு ஏறியிருக்காதுன்னுதான் எனக்குத் தோணுது. நாளைக்குக் காலையில போனாப் போதும்லா?"

"நாளைக்குக் காலையில போனாப் போதும்லா?" என்றாள் ஜரினா, பச்சை விளக்கைக் காட்டி.